தட்டுக்கு 90, நிலையத்துக்கு 160: அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் கொடையாளர் மாலை

"அண்ணே, சாப்பாட்டுக்கு 250 டாலரா? தங்கத் தட்டுலயா போடுவாங்க?"

அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருடம் ஆன அலுவலகத் தம்பி ஒருவன், உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் நன்கொடை திரட்ட வைக்கிற 'கொடையாளர் மாலை' விருந்துக்கு வந்த அழைப்பிதழைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கேட்டது இது. அவனும் அவன் மனைவியும் சனிக்கிழமை தவறாமல் பார்க்கிற சமையல் நிகழ்ச்சியை நடத்துபவரின் படம் மேலே. மேடையில் சமையல், அதன்பின் விருந்து, நிகழ்ச்சியை நடத்துபவரோடு அளவளாவல் என்று நடுவில். எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், "இதில் 160 டாலருக்கு வரிக்கழிவு உண்டு" என்று ஒரு வரி. தம்பியைக் குழப்பியது 250 அல்ல, அந்த 160. அது எங்கிருந்து வந்தது? மீதி 90 எதற்கு?

நான் இப்படிப்பட்ட மாலைகளில் இரண்டு மூன்று முறை தன்னார்வலனாகக் கோட்டு மாட்டும் அறையிலும் வரவேற்பு மேசையிலும் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போடுவார்கள்; சாப்பிட்டு எழுந்தவர் நோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பணத்தைக் கொடுத்துப் பெயரை எழுதிவிட்டுப் போவார். சாப்பாட்டின் விலை இவ்வளவு, அதனால் இவ்வளவு மொய் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விருந்து ஒரு சாக்கு. ஊர் ஒன்றுகூடி ஒருவர் கையில் பணத்தைச் சேர்ப்பதுதான் காரியம். கொடையாளர் மாலையும் அடிப்படையில் இதுவே, ஒரே ஒரு பெரிய வித்தியாசத்தோடு. மொய் திரும்பி வர வேண்டிய பணம். நோட்டில் எழுதியதை அடுத்த விருந்தில் கூட்டிப் போட்டுத் திருப்பாவிட்டால் ஊரில் பேச்சு வரும். இங்கே கொடுத்த பணம் திரும்பி வராது. அது நிகழ்ச்சியாக மாறி, பத்துக் காசு கொடுக்காதவர் வீட்டுக்கும் சேர்ந்தே போகும்.

யார் இந்த விருந்தை வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, பொதுத் தொலைக்காட்சி என்றால் என்னவென்று தெரிய வேண்டும். நம் மனதில் இரண்டே அச்சுகள்தான் இருக்கின்றன: அரசுப் பணமும் விளம்பரமுமாக ஓடுகிற தூர்தர்ஷன், முழுக்க விளம்பரத்தில் ஓடுகிற தனியார் சேனல். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி இரண்டிலும் சேராது. 1967இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, அரசுப் பணத்தை நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு கழகத்தை உருவாக்கியது. நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளைத் தருகிற பி.பி.எஸ். என்கிற பொது ஒளிபரப்பு அமைப்பு 1970 அக்டோபரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் பி.பி.எஸ். நாடு முழுக்க ஒரே தலைமையின் கீழ் ஓடுகிற சேனல் அல்ல. பாஸ்டனில் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஒன்று, சிகாகோவில் ஒன்று என்று முன்னூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பு நிலையங்கள். அவை அந்தந்த ஊர் அல்லது மாநில நிர்வாகத்தின் கையில், தனி வங்கிக் கணக்கோடு ஓடுகின்றன. பி.பி.எஸ்.ஸுக்குச் சந்தா கட்டுவதும் அவைதான். ஊர்க் கோயில்கள் தனித்தனி அறங்காவலர் குழுவோடு இருந்துகொண்டு ஒரே பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையங்கள் விளம்பரம் போடக்கூடாது. அப்படியானால் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு கம்பெனியின் பெயர் வருகிறதே? அது உபயம். நம் கோயில் டியூப்லைட்டில் சிவப்பு எழுத்தில் இன்னார் உபயம் என்று எழுதியிருக்குமே, சில கோயில்களில் பெயர் இருக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்காது, அதே சங்கதி. ஆனால் இங்கே அந்த எழுத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லலாம், என்ன செய்கிறது என்று சொல்லலாம். விலை சொல்லக்கூடாது. "எங்களுடையதுதான் சிறந்தது" என்று ஒப்பிடக்கூடாது. "இன்றே வாங்குங்கள்" என்று அழைக்கக்கூடாது. மீறினால் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் கேட்கும்.

மிச்சப் பணம் பெரும்பாலும் பார்வையாளர்களிடமிருந்துதான் வர வேண்டும். மாதம் 5 டாலர் தருகிற உறுப்பினர், கார் கொடுக்கிறவர், உயிலில் எழுதி வைக்கிறவர் என்று பல தினுசு. அரசுப் பணம் பொதுத் தொலைக்காட்சி வருமானத்தில் சராசரியாக 15 விழுக்காடு அளவில் இருந்தது. சின்ன ஊர் நிலையங்கள் சிலவற்றில் அது பாதியை எட்டியது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த அந்தக் கழகம் அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. இப்போது அழைப்பிதழ்கள் அடிக்கடி வருகின்றன என்று தோன்றினால் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

சரி, பணம் கேட்க ஏன் சமையல்காரர்? நிலையத்தில் செய்தி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், வரலாற்றுப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தி ஆட்களைப் பணக்காரக் கொடையாளர் பக்கத்தில் உட்காரவைத்தால், நாளைக்கு அந்தக் கொடையாளரின் கம்பெனியைப் பற்றிச் செய்தி வரும்போது சங்கடம். வெங்காயம் நறுக்குகிறவருக்கு அந்தச் சங்கடம் கிடையாது. இது நடைமுறைக் காரணம். உண்மையான காரணம் இன்னும் பழையது. இந்த நாட்டில் பொதுத் தொலைக்காட்சி தன் பார்வையாளர்களைக் கண்டுபிடித்ததே ஒரு முட்டை ஆம்லெட்டில்தான் என்று நான் சொல்வேன்.

1962இல் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையத்தில் ஒரு புத்தக விமர்சன நிகழ்ச்சி. அதற்கு விருந்தினராக வந்தார் ஜூலியா சைல்ட். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம். முந்தைய ஆண்டுதான் அவரும் தோழிகளும் சேர்ந்து எழுதிய பருமனான பிரெஞ்சுச் சமையல் நூல் வெளிவந்திருந்தது. புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், இவர் ஒரு மின்னடுப்பும் முட்டையும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே ஆம்லெட் போட்டார். அதற்குப் பிறகு நிலையத்துக்கு 27 கடிதங்கள் வந்தன. "அந்த அம்மாவை மறுபடியும் வரச்சொல்லுங்கள்" என்கிற மாதிரி. இருபத்தேழு! இன்றைக்கு ஒரு ரசம் வீடியோவுக்கு ஐந்து நிமிடத்தில் வருகிற லைக்கைவிடக் குறைவு. ஆனால் அன்றைக்குக் கல்வித் தொலைக்காட்சி என்று அழைக்கப்பட்ட இப்படியொரு நிலையத்துக்கு, உட்கார்ந்து பேப்பர் எடுத்து எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பிய 27 பேர் என்பது பெரிய கூட்டம்.

அப்போது நிலையத்துக்குச் சொந்தமாக ஸ்டூடியோகூட இல்லை. முந்தைய ஆண்டு தீ விபத்தில் எரிந்துபோயிருந்தது. மாதிரிப் படப்பிடிப்பை பாஸ்டன் எரிவாயுக் கம்பெனியின் செயல்விளக்கச் சமையலறையில் எடுத்தார்கள். நிகழ்ச்சி உறுதியானதும் கேம்பிரிட்ஜ் மின்சாரக் கம்பெனியின் சமையலறைக்கு மாறினார்கள். 1963 பிப்ரவரி 11 அன்று 'தி பிரெஞ்ச் செஃப்' ஒளிபரப்பானது. பாத்திரம் கழுவ, காய் நறுக்கத் தன்னார்வலர்கள். நிகழ்ச்சியின் முடிவில் ஜூலியா கோப்பையை உயர்த்திக் குடிப்பாரே, அது ஒயின் அல்ல, கிரேவிக்கு நிறம் கூட்டுகிற கரைசலைத் தண்ணீரில் கலந்தது என்பார்கள். ஒயின் வாங்கக் காசு இல்லை. ஜூலியா கடைசிவரை எந்தப் பண்டத்துக்கும் விளம்பர முகமாக நிற்கவில்லை. போலராய்டு கம்பெனி பல ஆண்டுகள் உபயதாரராக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரதாரர் கேட்டதால் அந்த நிகழ்ச்சி பிறக்கவில்லை, பார்த்தவர்கள் கடிதம் போட்டதால் பிறந்தது. கொடையாளர் மாலையில் மேடையேறுகிற எந்தச் சமையல்காரரும் அந்த 27 கடிதங்களின் வாரிசுதான். "உங்களால்தான் நான் இங்கே இருக்கிறேன்" என்று அவர் சொன்னால் அது வெறும் மேடைப் பேச்சு ஆகாது.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலும் இதே கதை, சமையலுக்கு முன்பே. சான் பிரான்சிஸ்கோவின் கே.கியூ.இ.டி. 1954இல் தொடங்கி, அடுத்த ஆண்டே பணமில்லாமல் மூடப்போகிறது என்ற நிலை. மூடுவதாக நிர்வாகக் குழு முடிவே எடுத்துவிட்டது. ஊழியர்கள் மன்றாடி, தொலைக்காட்சியிலேயே ஏலம் நடத்தினார்கள். கடைக்காரர்கள் இலவசமாகத் தந்த பொருள்களைப் பிரபலங்கள் திரையில் கூவி விற்றார்கள். தேவையான தொகை முழுதாகச் சேரவில்லை, ஆனால் ஊருக்கு இந்த நிலையம் வேண்டும் என்று தெரிந்துபோனது. பிறகு நாடெங்கும் பொது நிலையங்கள் ஏலம் விட ஆரம்பித்தன. அந்தக் கே.கியூ.இ.டி.யில்தான் பின்னாளில் மார்ட்டின் யான் சீனச் சமையல் செய்தார், பிரெஞ்சுச் சமையல்காரர் ஜாக் பெப்பான் தன் பல தொடர்களை எடுத்தார். 1999இல் ஜூலியாவும் ஜாக்கும் சேர்ந்து ஒரே அடுப்படியில் சண்டை போட்டுக்கொண்டே சமைத்த தொடரையும் அந்த நிலையம்தான் வழங்கியது. ஒருவர் வெள்ளை மிளகு என்பார், மற்றவர் கறுப்பு மிளகு என்பார். மாமியார் மருமகள் சண்டைகூட இவ்வளவு சுவையாக இருந்ததில்லை.

இனி அந்த மாலைக்குள் போவோம்.

வாசலில் ஒரு மேசை. பெயர் ஒட்டுகள் அகரவரிசையில். நான் நின்ற ஒரு மாலையில் சில பெயர் ஒட்டுகளின் மூலையில் பச்சைப் பொட்டு இருந்தது. வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. பச்சைப் பொட்டுக்காரர் வந்தால் நான் தலையசைக்க வேண்டும். உடனே 'டெவலப்மென்ட்' துறையிலிருந்து ஒருவர் எங்கிருந்தோ முளைத்து, "வாங்க, உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று கூட்டிப்போவார். இங்கே டெவலப்மென்ட் என்றால் கட்டடம் கட்டுவது அல்ல, நன்கொடை திரட்டுவது. அந்த ஆளுக்கு இந்த விருந்தாளி எந்த நிகழ்ச்சி பார்ப்பார், போன வருடம் எவ்வளவு கொடுத்தார், பேத்தி எந்தக் கல்லூரி என்பது வரை மனப்பாடம். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கவென்றே ஒரு மாமாவை நிறுத்துவார்களே, அவர்தான் இவர்.

மேடையில் நீளமான மேசை, மேலே சாய்த்து மாட்டிய கேமரா. நறுக்குகிற பலகை பெரிய திரையில் தெரியும். இதில் பலர் அறியாதது ஒன்று: மேடையில் சமைப்பது உங்கள் தட்டுக்கு வராது. இருநூறு பேருக்கான சாப்பாடு பின்கட்டில் கேட்டரிங்காரர் அதே செய்முறையில் மதியமே ஆரம்பித்துவிடுவார். மேடை மேசைக்கு அடியிலும் அதே பதார்த்தம் பாதி வெந்தது ஒன்று, முழுதும் வெந்தது ஒன்று என்று தயாராக இருக்கும். அடுப்பில் வைத்த கணமே அடியிலிருந்து வெந்ததை எடுப்பார்கள். தொலைக்காட்சி வழக்கம் அது.

அன்றைக்கு மேடையேறியவர் அழகான செம்பு வாணலியோடு வந்தார். மண்டபக்காரர்கள் தீப்பிடிக்கும் பயத்தில் எரிவாயு அடுப்பை அனுமதிக்கவில்லை, இண்டக்ஷன் அடுப்புதான். செம்பு அதில் சூடாகாது. வெண்ணெய் போட்டார், வெண்ணெய் அப்படியே குளக்கரைப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. திரையில் இருநூறு பேர் பார்க்கிறார்கள். பின்கட்டிலிருந்து ஒரு பையன் இரும்பு வாணலி எடுத்துவர நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் அவர் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். வேர்ப் பக்கத்தை ஏன் கடைசிவரை வெட்டக்கூடாது, கத்தியை எங்கே பிடிக்க வேண்டும், தன் பாட்டி கண்ணில் நீர் வராமலிருக்க வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொள்வார், அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் பாட்டியின் வாயை மூடிவைக்க அது ஒன்றுதான் வழி என்றெல்லாம். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வாணலி வந்தபோது இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாமே என்று தோன்றியது. வேறு யாரை நிறுத்தியிருந்தாலும் அந்த நாலு நிமிடம் செத்திருக்கும். தொலைக்காட்சிச் சமையல்காரரின் கைப்பழக்கத்தைவிட வாய்ப்பழக்கத்துக்குத்தான் நிலையம் அழைப்பிதழ் அடிக்கிறது.

சாப்பாடு நடக்கும். சுமாராக இருக்கும், இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாறுகிற எந்தக் கோழியும் சுமார்தான். அதன்பிறகு கவனியுங்கள்: தட்டுகளை எடுத்துவிடுவார்கள், ஆனால் இனிப்பு வராது, காப்பியும் வராது. வேண்டுமென்றேதான். இனிப்பு சாப்பிட்டவர் கார் சாவியைத் தேடுவார். இந்த இடைவெளியில்தான் கேட்கிற படலம்.

ஒவ்வொருவர் இருக்கையிலும் எண் எழுதிய அட்டை இருக்கும். ஏலக்காரர் ஒருவர் வந்து, "பத்தாயிரம் டாலர் தருகிறவர் யார்?" என்று தொடங்குவார். ஒன்றிரண்டு அட்டைகள் எழும். பெரும்பாலும் அது முன்கூட்டியே பேசி வைத்தது; பந்தியில் முதல் ஆள் கைநனைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிட ஆரம்பிப்பார்கள் அல்லவா. பிறகு ஐயாயிரம், ஆயிரம், ஐந்நூறு என்று இறங்கி நூறில் முடியும். நம்மூர் ஏலம் கீழிருந்து ஏறும், இது மேலிருந்து இறங்கும். காரணம் எளிது. கீழிருந்து ஆரம்பித்தால் பத்தாயிரம் தரக்கூடியவரும் நூறுக்கே அட்டையைத் தூக்கிவிட்டு ஆசுவாசமாகிவிடுவார். மேலிருந்து வந்தால், நூறு டாலர்க்காரர்கள் கடைசியில் கூட்டமாகத் தூக்குவார்கள். மண்டபம் முழுக்க அட்டையாகத் தெரியும், யாருக்கும் கூச்சம் இருக்காது. சிலசமயம் பெரிய மனிதர் ஒருவர், "இன்று சேர்கிற முதல் ஐம்பதாயிரத்துக்கு நான் சரிக்குச் சரி போடுகிறேன்" என்று சொல்லியிருப்பார். உங்கள் நூறு அப்போது இருநூறாகும். இந்தச் சொல் கூட்டத்தில் வேலை செய்கிற விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அட்டை தூக்கியவர் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலையும் ஒருமுறை செய்தேன். மொய் நோட்டு எழுதியவனின் பேரன் என்ற முறையில் தவறு வரவில்லை.

இப்போது தம்பியின் 160க்கு வருவோம். நிலையம் அறநிறுவனமாகப் பதிவு பெற்றது. அதற்குத் தருகிற நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு, அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பதிலுக்கு உங்களுக்கு எதாவது கிடைத்தால், கிடைத்ததன் சந்தை மதிப்பைக் கழித்துவிட்டு மீதிதான் நன்கொடை. அதே மாதிரி விருந்துக்கு வெளியே போனால் எவ்வளவு ஆகும்? 90 டாலர் என்று நிலையம் மதிப்பிட்டிருக்கிறது. 250இல் 90 போக 160. ஒரு தொகை 75 டாலரைத் தாண்டி, அதில் ஒரு பகுதி பொருளுக்கோ சாப்பாட்டுக்கோ போகிறது என்றால், அந்த மதிப்பை எழுத்தில் சொல்லவேண்டியது நிறுவனத்தின் கடமை. அதனால்தான் அந்த எறும்பு எழுத்து.

இங்கே எல்லோரும் தடுக்கி விழுகிற இடங்கள் உண்டு. 90 என்பது நிலையத்துக்கு ஆன செலவு அல்ல. ஒயினை ஒரு கடைக்காரர் சும்மா கொடுத்திருந்தாலும், உங்கள் கோப்பையில் விழுந்த ஒயினுக்குச் சந்தை விலை உண்டு. பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டால் முழு 250க்கும் கழிவு கிடைக்கும் என்று நினைப்பதும் தவறு. சாப்பிடாதது உங்கள் விருப்பம், இருக்கை உங்களுடையது. முழுக் கழிவு வேண்டுமென்றால் முன்பே "எனக்கு இடம் வேண்டாம், பணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதித் தந்திருக்க வேண்டும். அட்டை தூக்கித் தந்த நூறு டாலருக்குப் பதிலாக எதுவும் கிடைக்காததால் அது முழுக்க நன்கொடை. மாலையில் பொருள் ஏலமும் நடந்தால், அதில் எடுத்தது வேறு: 400 டாலர் பெறுமான கத்திகளை 500க்கு எடுத்தால் 100தான் நன்கொடை. நாள் முழுக்க நின்ற என் நேரத்துக்குக் கழிவே கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு யோசனை. பதில் அட்டையில் உணவு விருப்பம் கேட்பார்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் சில இடங்களில் மீன் வந்து நிற்கும், இல்லையென்றால் கோழிச் சாற்றில் வெந்த சோறு வரும். மீன், முட்டை, கோழிச் சாறு எதுவும் வேண்டாம் என்று விரித்தே எழுதுங்கள். நிகழ்ச்சியை நடத்துபவரோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும்போது உங்கள் வீட்டு மீன்குழம்புச் செய்முறையை முழுதாகச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். ஒரு அத்தியாயத்தைச் சொல்லி, அதைப் பார்த்துச் செய்து பார்த்தேன் என்று சொன்னால் போதும். அவர் முகம் மலர்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

தம்பி போய்வந்தான். இரண்டு வாரம் கழித்து நிலையத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்திருக்கிறது, அதையும் போட்டோ எடுத்து அனுப்பினான். "தாங்கள் பெற்ற உணவின் மதிப்பு 90 டாலர்" என்ற வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தான்.

"அண்ணே, 160 பரவாயில்ல. அந்தக் கோழிக்கு 90ன்னு போட்டதுதான் மனசு ஒத்துக்கல."